எடை பார்த்து வாங்கிய சிடி பிளேயர்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. வருகிறவர்கள் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார்கள். வேறு வழியில்லை, அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்களை உட்காரவைக்கும் அறையைப் புதுப்பித்தபோது முதலாளி இவற்றைக் கழித்துக்கட்டினார். "நீங்க எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டரலாமா" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஒரு உயிரைக் காப்பாற்றும் நினைப்பில் ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து என் மனைவி ஹாலைக் கூட்டுவதில்லை. விளக்குமாறும் கையுமாக ஸ்பீக்கரைச் சுற்றிப் பிரதட்சணம் வருகிறாள்.

ஹாலில் டைல்ஸ் போட்டவர், தண்ணீர் வடியட்டும் என்று வாசல் பக்கம் கொஞ்சம் சரிவு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் இடது ஸ்பீக்கர் வலதைவிடத் தாழ்ந்து நின்றது. மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நான் குவாலிட்டி செக்கிங் ஆள். சட்டையின் இடது தோளும் வலது தோளும் நூலளவு முன்பின்னாக இருந்தால் மூட்டையையே திருப்பி அனுப்புகிறவன். பரணில் தேடி, கல்யாண வீடியோ பார்ப்பதற்காக எந்தக் காலத்திலோ நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு டிவிடி பெட்டியை எடுத்து, இடது ஸ்பீக்கருக்கு அடியில் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணி ஒன்றை அதன் மேல் சுற்றினேன். அந்தப் பெட்டியை நான் ஆடியோ சாமானாகவே கணக்கில் சேர்த்ததில்லை. என் பார்வையில் அது ஒரு செங்கல்.

எங்களிடம் இருந்த பழைய சிடி பிளேயர் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. மகள் தன் போனை ஒரு வயரால் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, வேண்டிய பாட்டையெல்லாம் போட்டுக்கொள்வாள். "இதுவே போதுமேப்பா" என்பாள். நான் முகத்தைச் சுளிப்பேன். என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுளிப்பதற்குக் காரணம் தேவையென்றால் எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

இப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் என் மனைவி சொன்னாள்.

"ஏனுங்க, அடுத்த ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வர்றாரு. அந்த சிடியப் போட்டுக் காட்டுங்களேன்."

"எந்த சிடி?"

"ஏன், நான் எத்தன சிடியில பாடியிருக்கறேன்?"

அவளுடைய பிறந்த ஊர் மடத்துக்குளத்துக்குப் பக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்கள் தங்கி இளைப்பாறும் பந்தலில் ஊர்ப் பெண்கள் கூடி முருகன் பாட்டுப் பாடுவது வழக்கம். எங்கள் கல்யாணத்துக்குச் சற்று முன்னால், கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் அந்தப் பெண்களை உடுமலைக்கு வேனில் கூட்டிப்போய் ஒரு ஸ்டுடியோவில் பாட வைத்து, கம்ப்யூட்டரில் சிடியாக அடித்து ஆளுக்கொன்று கொடுத்தார். அதில் ஒரு பாட்டு முழுக்க இவள் தனியாகப் பாடியது. சிடியின் முதுகில் இவள் பெயரை யாரோ மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்கள், எழுத்துப்பிழையோடு.

என் மச்சான், அதாவது இவளுடைய அண்ணன், அதைக் கேட்டதேயில்லை. தென்னந்தோப்பும் மாடு கன்றுமாக இருக்கிற மனிதர். அவர்கள் வீட்டில் அப்போது சிடி போட ஒன்றும் இல்லை. ஆனால் கேட்காத பாட்டுக்கு அவர் ஒரு விமரிசனம் வைத்திருந்தார். பண்டிகை, நோம்பி என்று எதற்குக் கூடினாலும், இலையில் பாயசம் விழுந்ததும் அதைச் சொல்லியாக வேண்டும். "எங்கூட்டுப் புள்ள பாடுனா கறவ மாடு ஒதச்சுப்போடுமுங்க." உறவு முழுக்கச் சிரிக்கும். இவளும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். சிரிப்பதற்கு என்ன, கறவை மாடு என்னுடையதா. இவளுடைய சிரிப்பை அத்தனை வருடமும் நல்ல சிரிப்பு என்றே நான் பாஸ் செய்து அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்க்காமல்.

கல்யாணத்துக்குப் பிறகு இவள் பாடியதே இல்லை. மகளுக்குத் தாலாட்டுகூட நான்தான் பாடினேன். அதனாலேயே குழந்தை சீக்கிரம் தூங்கக் கற்றுக்கொண்டது. அந்த சிடியைக் கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுப் பிளேயரில் ஒரு தடவை கேட்டோம். மூன்றாவது சரணம் வருகையில் இவள் "அடுப்புல பால் இருக்குது" என்று எழுந்து போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பில் பால் இல்லாததை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் திருப்பூர்க்காரன் வேலை. எங்கள் தொழிலில் ஆர்டர் ஓடத் தொடங்குமுன் ஒரே ஒரு உருப்படியை பையர் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, கவரில் போட்டு சீல் வைப்பார். அதுதான் சீல்டு சாம்பிள். அதைப் பிரிக்கக் கூடாது, போட்டுப் பார்க்கக் கூடாது, துவைக்கக் கூடாது. பீரோவில் பூட்டி வைத்து, கடைசிப் பரிசோதனை நாளில்தான் உடைக்க வேண்டும். அதுவரைக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதே மாதிரி இன்னொன்று இருக்கும். அதைக் கவுன்ட்டர் சாம்பிள் என்போம். நான் அந்த சிடியை பாலிதீன் கவரில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டையும் கூட வைத்து, டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மனைவியின் பாட்டுக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது என்று நிஜமாகவே நம்பினேன். கேட்க முடியாதபடி மரியாதை செய்திருக்கிறேன் என்பது புரிய இத்தனை வருடம் ஆயிற்று.

ஆக, ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அவகாசம். இவள் என்னிடம் ஒரு பொருளைக் கேட்டு, அதற்கு ஒரு நாளும் குறித்தது இதுவே முதல் தடவை. புடவையைக்கூட "எதோ பாத்து எடுங்க" என்பவள்.

"பிளேயர் ஒண்ணு வாங்கணுமே" என்றேன்.

"வாங்குங்க. ஒரு மிக்சி வெலைக்கு மேல போகப்படாது. அதுக்கு மேல போனீங்கன்னா மிக்சியே வாங்கிருங்க, அதாவது அரைக்கும்."

இரவெல்லாம் விழிக்காமல், ஆபீஸ் நேரத்திலேயே நெட்டில் படித்தேன். சிடி பிளேயர் வாங்குவதைப் பற்றி உலகத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒருவர் பாட்டில் காற்று இருக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், காற்று இருக்கலாம், ஆனால் கூர்மை கெடக் கூடாது என்கிறார். ஆம்ப்ளிஃபயர் சூடான சுபாவம் என்றால் பிளேயர் குளிர்ந்த சுபாவமாக இருக்க வேண்டுமாம். ஜாதகப் பொருத்தத்துக்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு பார்க்கவில்லை. என் ஆம்ப்ளிஃபயரின் சுபாவம் என்ன என்று எட்டிப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால் பல வருடம் பயந்து பயந்து பாடிய ஆம்ப்ளிஃபயர் அது. என் சுபாவம்தான் அதற்கும். அப்புறம் ஜிட்டர் என்று ஒன்று. அது பிளேயருக்கு வரும் ஒரு வகை நடுக்கமாம். என்னவென்று கடைசிவரை புரியவில்லை, ஆனால் எனக்கு அது வந்துவிட்டது.

நடுநடுவே சாதாரணமான வரிகளும் இருந்தன. அவற்றைத் தாண்டிவிட்டேன். என்னைப் பயமுறுத்தாத வரிகளை நான் படிப்பதில்லை.

முதலில் பெரிய ஷோரூமுக்குப் போனேன். ஏசி முகத்தில் அடித்தது. சீருடை போட்ட பெண் ஒருவர் வந்தார்.

"சிடி பிளேயருங்களா சார்? அது இப்ப வர்றதில்லீங்க. இதப் பாருங்க, ப்ளூடூத். லைட் எரியும்."

தவில் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். சுவிட்சைப் போட்டதும் பச்சை, சிவப்பு, ஊதா என்று மின்னியது.

"பாட்டுக்கு எதுக்குங்க லைட்டு?"

"பார்ட்டி மோடுங்க சார்."

"எங்கூட்டுக்கு ஒரே ஒரு மச்சான் வர்றாருங்க. அவ்வளவுதான் பார்ட்டி."

அந்தப் பெண் சிரிக்காமல் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போனார். என் ஜோக்குகளைத் தரம் பார்த்துக் கழித்த முதல் ஆள் என்று மரியாதையாக நினைத்துக்கொண்டேன்.

மகள் தன் போனில் தேடிக் கொடுத்தாள். காலண்டர் மாதிரி சுவரில் மாட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்தால் பாடுகிற ஒன்று. பார்த்ததும் பாட்டி வீட்டு ஃபேன் ஞாபகம் வந்து வேண்டாம் என்றேன். நல்ல கம்பெனிப் புதுப் பிளேயர் ஒன்று. அதன் விலையில் நாலு மிக்சியும் ஒரு கிரைண்டரும் வரும். கடைசியாக, உள்ளங்கை அகலத்துக்குக் குட்டியாக ஒன்று.

"இது போதும்பா. வயர் போட்டு ஆம்ப்ளிஃபயர்ல சொருகிக்கலாம். கடைல வாங்குன சிடி, கம்ப்யூட்டர்ல அடிச்ச சிடி, எல்லாம் படிக்குமுன்னு போட்டிருக்கு. அம்மா சொன்ன வெலைக்கு உள்ளயும் வருது."

"எடை என்ன போட்டிருக்குது?"

அவள் பார்த்துச் சொன்னாள். ஒரு டி-ஷர்ட்டின் எடை.

"டி-ஷர்ட் பாடுமா கண்ணு?" என்றேன்.

இங்கே என் ஊர் வியாதி ஒன்றைச் சொல்ல வேண்டும். திருப்பூரில் எதற்கும் எடைதான் கணக்கு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் எங்களுக்குக் குலம், கோத்திரம், குணம். வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் போட்டால் துணியின் யோக்கியதை தெரிந்துவிடும். இது பழகிப்போய், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும்போதே கட்டைவிரல் அவருடைய சட்டை நுனியைத் தேய்த்துப் பார்த்துவிடும். துக்க வீட்டிலும் எனக்கு இது நடந்திருக்கிறது. கட்டிப்பிடித்து அழுத ஆளின் சட்டை இருநூற்று இருபது கிராம் என்று, அழுகைக்கு நடுவிலேயே மனசுக்குள் ஒரு ஆள் குறித்துக்கொண்டான். கனமாக இருந்தால் தரம். லேசாக இருந்தால் ஏமாற்று. பாட்டுப் பெட்டிக்கும் இதே சட்டம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் துணி அடுக்கை வெட்டிக்கொண்டே கேட்டார், "ஏனுங்க, நீங்க வாங்கறது பாட்டுப் பொட்டியா, கூழாங்கல்லா?" அவருக்கு ஒலியைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். அலமாரியில் மூன்று பிளேயர்கள் தூசியோடு இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னா அண்ணாச்சி, எடையா பாக்கிய? கோழி கடை எதுத்தாப்புல இருக்கு."

மூன்றாவதாக இருந்த கறுப்புப் பெட்டியைத் தூக்கியதும் முதுகில் பிடித்துக்கொண்டது. அந்த நிமிடமே மனசு முடிவு பண்ணிவிட்டது. இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. பாக்கெட்டில் இருந்த டேப்பை எடுத்து நீள அகலம் அளந்தேன். தட்டு வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லா பட்டனையும் அழுத்தினேன். மூடியின் இரண்டு பக்க இடைவெளியும் சமமா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கம் சிவப்பு, வெள்ளை வயர் சொருகும் இடத்தைத் துடைத்துப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டுப் பாக்க மாட்டாவ" என்றார் கடைக்காரர். "சரி, சிடி கொண்டாந்திருக்கியளா? நீங்க எதைக் கேக்கப் போறியளோ அதையே போட்டுப் பாத்துருங்க. பெறவு வந்து நிக்கப்பிடாது. வித்தா வித்ததுதான்."

கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து பளபளவென்று ஒரு கடை சிடியை எடுத்தேன். நாதஸ்வரக் கச்சேரி. கவுன்ட்டர் சாம்பிள்.

"இதேதானா கேக்கப் போறிய?"

"இதே மாதிரிதாங்க" என்றேன். அதே அளவு, அதே வட்டம், நடுவில் அதே ஓட்டை. சீல் போட்ட அசலைச் சந்தில் இருக்கிற கடைக்கெல்லாம் எடுத்துக்கொண்டு அலைய நான் என்ன நேற்று வேலைக்குச் சேர்ந்தவனா.

நாதஸ்வரம் கணீரென்று பாடியது. கடைக்காரர் விலை சொன்னார், நான் ஒரு விலை சொன்னேன், மிக்சி விலைக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது. ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்ததில் இரண்டு வேகத்தடையிலும் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஆட்டுக்கல்லுங்களா?" என்றாள் மனைவி.

அடுத்த சில நாட்கள் என் பொற்காலம். வேலையிலிருந்து வந்ததும் ஆம்ப்ளிஃபயரை முடுக்கி, கடை சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நெட்டில் படித்ததெல்லாம் காதில் கேட்கத் தொடங்கிவிட்டது.

"இப்ப கவனிச்சுப் பாரு கண்ணு. பாட்டுல காத்து இருக்குது" என்றேன் மகளிடம்.

"ஃபேன் ஓடுதுப்பா" என்றாள்.

மனைவி மட்டும் தினமும் ஒரு கேள்வி கேட்டாள். "நம்ம சிடியப் போட்டுப் பாத்தீங்களா?"

"அது ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குத்தான். அதுக்கு முன்னால சீல ஒடைக்கக் கூடாது."

"உங்க கம்பெனிச் சட்டமெல்லாம் கம்பெனியோட வெச்சுக்கங்க. ஒருக்காப் போட்டுத்தான் பாருங்களேன்."

"எல்லாம் ஓகே. நான் செக் பண்ணிட்டேன்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் போன் செய்தார். "மாப்ள, குடிமங்கலம் தாண்டிட்டனுங்க. எளநி போட்டுட்டு வர்றேன். வேற எதும் வேணுமுங்களா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவினேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்தேன். என் கையெழுத்து கொஞ்சமும் கலையாமல் டேப்பின் மேல் இருந்தது. கத்தரியால் வெட்டினேன். சிலிக்கா பொட்டலங்கள் விழுந்தன. சிடி ஒரு கீறல் இல்லாமல் மின்னியது. எனக்கே என் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன்.

பெட்டி சுற்றியது. யோசித்தது. மறுபடி சுற்றியது. பிறகு அதன் முகத்தில் எழுத்து வந்தது. நோ டிஸ்க்.

வெளியே எடுத்து மெல்லிய பனியன் துணியால் துடைத்துப் போட்டேன். நோ டிஸ்க். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போட்டேன். நோ டிஸ்க். நாதஸ்வரத்தைப் போட்டேன், பிளேயர் ஒரு கல்யாணத்தையே நடத்தியது. மறுபடி இதைப் போட்டேன். நோ டிஸ்க். திருப்பி வைத்துப் போட்டேன். எதற்கென்று கேட்காதீர்கள். பெட்டியின் நெற்றியில் விபூதி பூசினேன். சாம்பிள் பெயிலானால் கம்பெனியில் மற்றவர்களிடம் நான் சொல்வது, பதறாமல் படிப்படியாகக் காரணத்தைத் தேடுங்கள் என்பது. விபூதி எத்தனையாவது படி என்று தெரியவில்லை.

"அப்பா, உங்களுக்கு வேர்க்குது" என்றாள் மகள்.

"ஜிட்டர்" என்றேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து எடுத்தார்.

"கம்ப்யூட்டர்ல அடிச்ச சிடியா? அண்ணாச்சி, அந்த மெஷினு பழசு. கடை சிடி மட்டுந்தான் அதுக்குத் தெரியும். அன்னைக்கே கேட்டனே, இதேதானா கேக்கப் போறியன்னு."

அப்போதுதான் நெட்டில் நான் தாண்டிப் போன வரி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. உங்களிடம் வீட்டில் அடித்த சிடிகள் இருந்தால், வாங்குமுன் அதில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவுதான் அந்த வரி. குழந்தைக்குப் புரியும். காற்று, கூர்மை, சூடு, குளிர் எல்லாவற்றையும் படித்துவிட்டு இந்த ஒன்றைத் தாண்டியிருக்கிறேன். அதைவிட மோசம், எங்கள் வீட்டிலேயே ஒரு பெண் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன் மறுபடி அடித்தது. "மாப்ள, பல்லடம் வந்தாச்சுங்க."

என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். கரண்ட் இல்லை என்று சொல்லலாம். ஆனால் தலைக்கு மேலே ஃபேன் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிட்டது என்று சொல்லலாம். அதற்கு முதலில் அதை எரிக்க வேண்டும். அந்த யோசனை நியாயமானதாகத் தோன்றத் தொடங்கிய நேரத்தில் மனைவி கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"படிக்கலீங்களா?"

"இல்லீங்க" என்றேன். கல்யாணமாகி அவளுக்கு நான் மரியாதையாக 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

"சேரி, விடுங்க" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. ஒவ்வொரு நோம்பிக்கும், பாயசம் விழுந்ததும், மாட்டு ஜோக்குக்கு வருகிற அதே சிரிப்பு. நான் பாஸ் போட்டு அனுப்பிய அத்தனை மூட்டைகளும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து என் முன்னால் இறங்கிய மாதிரி இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்.

அங்கே உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருப்பது அந்தச் செங்கல்தான். மேலே சுற்றியிருந்த துணி ஒரு பக்கம் விலகி, பெட்டியின் முகம் கொஞ்சம் தெரிந்தது. மலிவான சாமான்களில் தம்பட்டம் அதிகம் இருக்கும். தான் எதையெல்லாம் படிக்கும் என்று அது தன் நெற்றி முழுக்கச் சின்ன எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தது. டிவிடி, விசிடி, சிடி. அதற்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரில் அடித்த சிடி என்பதற்கான எழுத்தும்.

"கண்ணு, வந்து இந்த ஸ்பீக்கரப் பிடி" என்றேன்.

மகள் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தூக்க, நான் பெட்டியை உருவினேன். தூசியும், செத்த கரப்பான் ஒன்றும் கூடவே வந்தன. அந்தப் பெட்டியைக் கையில் பிடித்தபோது கட்டைவிரல் தானாகவே எடை போட்டது. காற்றடைத்த பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருந்தது. கறுப்புப் பெட்டியிலிருந்து சிவப்பு, வெள்ளை வயரைப் பிடுங்கி இதில் சொருகினேன். சிடியை வைத்ததும் மாவரைக்கிற சத்தம் போட்டது. அப்புறம் ஒரு ஆர்மோனியம் மூச்சு விட்டது. அதற்குப் பின்னால் இருபது சொச்சம் வயதுள்ள ஒரு பெண், எழுத்துப்பிழை இல்லாத குரலில், முருகனைக் கூப்பிட்டாள்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

ஒரு வரி முடிவதற்குள் நிறுத்திவிட்டேன். ஒறம்பரையாக வரும் மச்சான் வந்துசேரட்டும். அதற்குள் மகள், "அப்பா, கை வலிக்குது. இத எங்க வெக்கறது?" என்றாள். அவள் இன்னும் ஸ்பீக்கரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அடியில் கொடுக்க அவசரத்துக்கு ஏதாவது வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். அந்த ஹாலில் அந்த உயரத்துக்கு, அந்தக் கனத்துக்கு, இரண்டு பக்கமும் சம இடைவெளியோடு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. நெற்றியில் விபூதி வேறு பூசித் தயாராக இருந்தது.

மச்சான் இளநீர்க் குலையை வாசலில் இறக்கிவிட்டு, ஸ்பீக்கரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். "என்னுங்க மாப்ள, ஊட்டுக்குள்ளயே மைக் செட் போட்டுட்டீங்களா?"

"உக்காருங்க மச்சான். ஒரு பாட்டுக் கேளுங்க."

ஆர்மோனியம் வந்தது. குரல் வந்தது. மச்சானுக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் வாய் தன் பழக்கப்படி திறந்தது. "அட, இவளா? ஊட்டுக்குப் பின்னால கறவ எதும் கட்டலயில்லீங்க?"

நான் சிரிக்கவில்லை. மகளும் சிரிக்கவில்லை. சிரிப்புக்காகக் காத்திருந்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். இரண்டாவது சரணத்தில் அவருடைய கால் ஆடுவதை நிறுத்தியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது சரணம். இவள் முன்பு எழுந்து போன இடம். இந்தத் தடவைதான் நான் கேட்டேன். மேலே ஏறுகிற ஒரு இடத்தில் அந்தப் பெண்ணின் குரல் ஒரு நூலளவு சறுக்கியது. நூலளவுதான். சட்டையில் இருந்திருந்தால் மூட்டையைத் திருப்பியிருப்பேன்.

குரல் சறுக்கிய அதே நொடியில், சமையலறையிலிருந்து இன்னொரு குரல் அந்த வரியைப் பிடித்தது. வயதான, கொஞ்சம் கரகரத்த, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற குரல். சிடியில் இருந்தவள் தவறிய இடத்தில் இவள் தவறாமல் ஏறி, அங்கேயே நின்று, நிதானமாக இறங்கி வந்தாள். பிறகு அப்பளத்தைச் சட்டியில் போடும் சத்தம் கேட்டது.

மச்சான் சமையலறைப் பக்கம் பார்த்தபடி இருந்தார். பாட்டு முடிந்ததும், "ஏன் கண்ணு, இப்பப் பாடுனது நீயா?" என்றார்.

இவள் அப்பளத் தட்டோடு வெளியே வந்தாள். "ஆமாங்கண்ணா. அதுல அந்த ஒரு எடத்துல தப்பாப் பாடிப்போட்டேன். அன்னிக்கு ஸ்டுடியோல மறுக்கா பாடச் சொல்லிக் கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. அப்பறம் அது என்னிக்குப் போட்டாலும் அதேதான பாடும். இப்ப சரியாப் போச்சு."

"அது சேரி" என்றார் மச்சான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்தில் பிடிக்கப் பார்த்தார். "இருந்தாலும் நம்ம மாடு…"

"மாட்டுக்கு என்னங்கண்ணா தெரியும்" என்றாள் இவள். "கைய கழுவீட்டு வாங்க. சோறு ஆறுது."

அவர் எழுந்து கை கழுவப் போனார். அன்றைக்குப் பாயசம் விழுந்தபோது இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கிளம்பும்போது மட்டும் என்னிடம் தனியாக, "அந்த சிடி ஒண்ணு எனக்கு அடிச்சுத் தர முடியுங்களா மாப்ள?" என்று கேட்டார். கம்பெனிக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாகச் சொன்னேன். கேட்பதற்கு என்ன பிளேயர் வைத்திருக்கிறார் என்று முதலில் விசாரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் சிடியைத் திரும்பக் கவரில் போட்டு, டேப்பை எடுத்தேன். மனைவி என் கையிலிருந்து சிடியை வாங்கி, கவரைக் குப்பையில் போட்டுவிட்டு, டிவிடி பெட்டியின் தட்டிலேயே வைத்து மூடினாள். சிலிக்கா பொட்டலங்களை மட்டும் எடுத்து உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், மழைக் காலத்துக்கு ஆகுமாம்.

கறுப்புப் பெட்டியை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். "ஒரு ஊட்டுக்கு ரண்டு பொட்டி எதுக்கு? அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும்" என்றாள். அந்தத் துணியை எடுத்து அதன் மேல் சுற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை கட்டிங் மாஸ்டர் கேட்டார், "பொட்டி எப்படிங்க பாடுது?"

"நல்லாத் தாங்குதுங்க" என்றேன்.